முதலில் பசு, பிறகு வானம்

சென்ற மாதம் என் மகளின் ஆய்வகத்தில் ஒரு திருவிழா நடத்தினேன். அவளைக் கேளாமல்தான்.

அவள் தென்காசிக்கு அருகே ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறாள். பிரபஞ்சம் பிறந்த காலத்துச் சூட்டின் மிச்சம் இன்றும் வானமெங்கும் மெல்லிய மைக்ரோவேவ் அலைகளாய்ப் பரவிக் கிடக்கிறதாம். அதைக் காண இமயமலையில் நிற்கும் தொலைநோக்கிக்கு அவளும் சகாக்களும் ஒரு ரிசீவர் செய்திருந்தார்கள். உள்ளே பனிக்கட்டியும் நாணும் குளிர். ஏன் அத்தனை குளிர்? தான் சூடாக இருக்கும் கருவி, தன் சூட்டையே பார்த்துக்கொண்டிருக்குமாம் – நம்மில் சிலரைப் போல.

அன்று கடைசிச் சோதனை. அறைச் சூட்டிலேயே இருக்கும் கரிய ஃபோம் துண்டு ஒன்று, திரவ நைட்ரஜனில் நனைத்தது ஒன்று – மாறி மாறிக் காட்டினால், சூட்டு வேறுபாட்டைக் கருவி துல்லியமாகச் சொல்ல வேண்டும். முடிவு மாலை ஐந்து மணிக்குள் இமயமலைக் குழுவுக்குப் போகாவிட்டால், தொலைநோக்கியில் இதற்கான இடம் வேறொரு கருவிக்குப் போய்விடும்.

"யப்பா, சாப்பிட்டுட்டு வந்துருதேன். நைட்ரஜன் கேனப் பாத்துக்கோங்க. தொட்டுராதீங்க."

அந்நேரம் பார்த்து, சீசனுக்கு வந்திருந்த உறவினர் பத்துப் பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து சேர்ந்தார்கள்.

"இதுக்குள்ள என்ன மாமா இருக்கு?"

விளக்குவதைவிடக் காட்டுவது எளிதல்லவா? கேனைச் சற்றே சாய்த்தேன். தரையெங்கும் வெண்புகை! கைதட்டல்! பின்னால் நின்றவர்களுக்காக மறுபடியும்... செல்ஃபி சரியாக வராதவர்களுக்காக இன்னொரு முறை...

மகள் திரும்பிவந்து கேனைத் தூக்கிப் பார்த்தாள். காற்றாய்க் கனத்தது.

"ஊருக்கே பந்தி வச்சிட்டீங்களாக்கும்?"

மதுரையிலிருந்து மறு கேன் வர மறுநாளாகும். அப்போதுதான் எனக்குச் செங்கோட்டை முத்தையா நினைவுக்கு வந்தார். மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர். காளை விந்தைக் கெடாமல் காப்பதும் அதே நைட்ரஜன்தானே! ஓடினோம். அவர் பைக்கில் ஏறிக்கொண்டிருந்தார்.

"பெரிய கேன்ல கெடக்கு, தாரேன். ஆனா இப்பம் முடியாது. புளியறையில ஒரு மாடு பருவத்துக்கு வந்து காலையிலேருந்து கத்திக்கிட்டு நிக்கி. ஊசி போட்டுட்டு வந்துருதேன்."

"அண்ணாச்சி, அஞ்சு மணிக்குள்ள வேணும்" என்று மகள் கெஞ்சினாள். காரணத்தையும் சொன்னாள்.

பொறுமையாகக் கேட்டார். "அந்தச் சூடு எம்புட்டு வருசமா கெடக்கு, டீச்சரம்மா?"

"ஆயிரத்து முந்நூறு கோடி வருசத்துக்கு மேல."

"அப்பம் இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கும்லா? மாட்ட இன்னைக்கு விட்டா, இருபத்தோரு நாளு காத்துக் கெடக்கணும்."

வாழ்நாளெல்லாம் தருக்க நூல் பயின்றவன் நான். ஒதுங்கி நின்று அவர் பைக்குக்கு வழிவிட்டேன்.

சொன்னபடியே வந்தார், கொடுத்தார். நாலேமுக்காலுக்குக் கருவி இரண்டு துண்டுகளையும் பிழையின்றிப் பிரித்தறிந்தது. முடிவை அனுப்பிவிட்டு மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முத்தையாவின் கேனை மட்டும் என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

நேற்று முத்தையா தொலைபேசியில் அழைத்தார்.

"சார், மாடு திரும்பக் கத்தல. சினை பிடிச்சிட்டுன்னு நெனைக்கேன். உங்க வானம் என்ன சொல்லுது?"

"கருவி மலையேறிட்டு, முத்தையா. பதில் வர மூணு நாலு வருசம் ஆகுமாம்."

"அம்புட்டு நாளா? அதுக்குள்ள பொறக்கப் போற கன்னுக்குட்டியே கத்த ஆரம்பிச்சிருமே, சார்!"