எல்லோரும் வந்த பிறகுதான்

எங்கள் அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் ஒருவர் வெளியில் இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார். டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்தே அதுதான் சட்டம். உடம்பில் சர்க்கரை வந்த பிறகும் மாறவில்லை. எங்களை அதிகம் காக்க வைத்தவள் என் தங்கை. முதலில் காலேஜ், பிறகு ஆபீஸ்; பஸ் வரவில்லை, டிராஃபிக் என்று தினம் ஒரு காரணம். பசியில் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அப்பா பால்கனியில் நிற்பார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வந்துட்டேன்ப்பா, சாப்பிடுங்க" என்பாள். அப்புறம்தான் தட்டு எடுப்போம்.

போன ஜனவரியில் ஒரு சாயங்காலம் அப்பா டீ கேட்டார். அம்மா கொண்டு வருவதற்குள் போய்விட்டார். தங்கைக்கு இப்போது சென்னையில் வேலை. மறுநாள் காலை முதல் விமானத்தில் ஏறினாள். டெல்லியில் பனிமூட்டம் என்று விமானத்தை ஜெய்ப்பூரில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து டாக்சி பிடித்தாள்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பெற்ற பெண்ணாக இருந்தாலும் வாய்க்கரிசியை வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். அப்பா படி இறங்கிவிட்டால் அவளுக்கு அவ்வளவுதான்.

மதியம் தாண்டியதும் நெருக்க ஆரம்பித்தார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் கொள்ளி வைக்க வந்திருந்த சித்தப்பா, ஜன்னலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். "இருட்டிட்டா அங்க எடுத்துக்க மாட்டாங்க. அவ அஸ்தி கரைக்க வரட்டும்."

கீழ் வீட்டுப் பஞ்சாபிப் பெரியவரும் நல்ல மனசோடுதான், "ஜல்தி கரோ, பேட்டி" என்று என்னைச் சீக்கிரம் ஆகட்டும் என்றார். எனக்கோ கோபம் மூக்குக்கு மேலே வந்தது.

"அவ வராம எடுக்க விடமாட்டேன்."

"சாஸ்திரம் தெரியாம பேசாதே."

"எங்கப்பாவைத் தெரியும் எனக்கு."

வெளியேதான் இந்த வீறாப்பு. உள்ளுக்குள் பயம். டெல்லிக்கு வெளியே மானேசர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று போனில் அழுதவள், அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. அவளை விட்டுவிட்டு எடுத்துவிட்டால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

சித்தப்பா அம்மாவிடம் திரும்பினார். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. அரிசி போட ஆரம்பிக்கலாம்."

அரிசித் தட்டு அம்மா மடியில் இருந்தது. முந்தானையை இழுத்துத் தட்டை மூடினாள்.

"அவ வராம ஒரு நாளும் சாப்பிட்டதில்ல அவர். இன்னிக்கு மட்டும் எப்படிச் சாப்பிடுவார்?"

ஆனால் வெளிச்சம் காத்திருக்குமா? கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். பிறகு அவனே மேலே ஏறி வந்து, இப்போது கிளம்பாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றான். சித்தப்பா என்னைப் பார்க்காமல் பாடையில் கயிறு கட்ட உட்கார்ந்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் போக அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அப்போது மாடிப்படியில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

தங்கை வாசலில் செருப்பைக் கழற்றினாள். யாரையும் பார்க்கவில்லை. அம்மா முந்தானையை விலக்க, அரிசியை அள்ளினாள். அள்ளிய வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. மீதியை அப்பாவின் உதட்டில் வைத்தாள்.

"வந்துட்டேன்ப்பா," என்றாள். "சாப்பிடுங்க."

மதியத்திலிருந்து எங்களை விரட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, கையில் பிடித்த கயிற்றோடு அப்படியே குனிந்து அழுதார்.