வாழையைப் பார்த்த காசிம் பாய்

காசிம் பாய் காலமான செய்தியைக் காவலாளி வந்து சொன்னபோது, பிரசவ வார்டில் பால்புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். நம்ப முடியவில்லை. முந்தின நாள்கூட, "நர்சம்மா, எந்தத் தண்ணில கழுவுற?" என்று கேலி செய்துவிட்டுப் போனவர். நம் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதித்த அந்த மனிதரை உங்களுக்கெல்லாம் தெரியும். என் மகனை அவர் மீட்ட கதை தெரியாது. அதில் என் தவறும் இருப்பதால் இதுவரை வாயைத் திறந்ததில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்றாம் வருஷம். முதலியார்பேட்டைக்குப் புதிதாகக் குடிவந்திருந்தோம். எனக்குப் பால் சுரக்காததால் மகனுக்குப் பால்மாவுதான். நர்சு ஆயிற்றே, சும்மா இருப்பேனா? கிணற்றுத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, அதில் மாவைக் கலந்து கொடுத்தேன். இரண்டாம் மாதம் அவன் உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆனது. நகமும் நீலம். இதயக் கோளாறாக இருக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு உயிரே போய்விட்டது. பயத்தில் இன்னும் அதிகமாகக் காய்ச்சினேன்.

பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தோடு பாயே என்னைத் தேடி வந்தார். கண்ணாடிக் குழாயைக் குலுக்கிக் காட்டினார்.

"பாரு, காத்து பட்டா ரத்தம் செவக்கணும். இது கருப்பட்டிப் பாகாட்டம் அப்படியே நிக்குது. கோளாறு நெஞ்சுல இருக்கற மாதிரி தெரியல. புள்ளைக்கு என்ன தண்ணி குடுக்கற?"

நன்றாகக் காய்ச்சிய தண்ணீர் என்றேன், பெருமையாக.

மாலையே சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிட்டார். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த வாழையைத்தான் பார்த்தார்.

"எரு போட்டியா?"

"ஒரு பிடிகூட இல்ல பாய்."

"அப்ப எதத் தின்னுட்டு இப்படிக் கொழுத்துக் கெடக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை, இந்தப் பக்கம் எங்கள் கக்கூஸ் குழி. இரண்டிலிருந்தும் நைட்ரேட் உப்பு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் கலந்திருந்தது. வாழைக்கு எருவான அந்த உப்பு, கைக்குழந்தையின் இரத்தத்தைக் காற்றை ஏற்கவிடாமல் செய்துவிடுமாம். தண்ணீரோ கண்ணாடிபோல் தெளிவு, நாற்றமே கிடையாது! அவர் திராவகம் விட்டதும் சோதனைக் குழாயில் அந்த உப்பைக் காட்டிக்கொடுக்கும் பழுப்பு வளையம் கட்டியது.

"காய்ச்சினா கிருமி சாவும். உப்பு சாவுமா? ரசத்தச் சுண்ட விட்டா கரிக்குதா இல்லியா?"

டாக்டர்கள் விட்டுப்போன பழைய பிரெஞ்சு மருத்துவப் பத்திரிகையில் இதைப் படித்தாராம். நாங்களெல்லாம் பொட்டலம் மடிக்க எடுத்த தாள்! அம்மாடி, என்ன மனுஷன்!

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் டவுன் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தார். வாரம் முடிவதற்குள் பிள்ளையின் உதடு சிவந்தது. அழுதுகொண்டே பாயைக் கும்பிட்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"எத்தினி தாய்மாருக்கு இப்படிச் சுண்டக் காய்ச்சச் சொன்ன?"

புட்டிப்பால் கொடுக்கும் அத்தனை பேருக்கும் சொல்லியிருந்தேன். மறுநாளே இருவரும் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் கைக்குழந்தையின் உதடு என் மகனுடையதைப் போலவே கறுத்திருந்தது. தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டு விழித்தாள். காய்ச்சச் சொன்னது நான் என்று அவள் சொல்லப்போகிறாள் எனப் பயந்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"பயப்படாதம்மா, தண்ணிய மாத்தினா சரியாப் பூடும். நம்ம நர்சம்மாதான் கண்டுபுடிச்சாங்க."

அந்தக் குழந்தையும் பிழைத்தது. அவள் இன்றும் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறாள். நானும் இதுவரை வாயை மூடிக்கொண்டு அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

இனி முடியாது. கண்டுபிடித்தவர் காசிம் பாய். நாளைக்கு அவள் வீட்டுக்குப் போய் முதலில் இதைச் சொல்லப்போகிறேன். எனக்கென்று வைத்துக்கொள்வது அவருடைய கேள்வியை மட்டும்தான்: எந்தத் தண்ணி? தினமும் மகன் கண் விழித்ததும் அவன் உதட்டைத்தான் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். சிவப்பாக இருக்கிறது, பாய்.