முதுகுக்குக் காவல் நின்றவர்

கார் பந்தயத் தடத்தின் ஆறாவது வளைவில் பதினொரு வருஷம் கொடி பிடித்தவர் லிஃப்ட்காரர். வாரத்தில் ஆறு நாள் மாடி மாடியாக ஏறி லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. பந்தயம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்பது பைத்தியம். சம்பளம் கிடையாது. மதியத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் தருவார்கள். பாய்ந்து வரும் வண்டிகளைத் தடுப்புக்குப் பின்னால் நின்று பக்கத்தில் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அந்தப் பைத்தியத்தை அவருக்கு ஏற்றிவிட்டவர் தங்கச்சி புருஷனான தையல்காரர். "நீ வாரம் பூரா மேலயும் கீழயுமாத்தான் போற மச்சான். ஒரு நாளாச்சும் முன்னால போறவனப் பாரு" என்று இழுத்துக்கொண்டு போனவர், கடைசிவரை தனக்குத் துணையாக வைத்துக்கொண்டார்.

கொடி மேடையில் எப்போதும் இரண்டு பேர். எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். மஞ்சள் கொடிக்காரர் வளைவுக்கு அப்பால் பார்ப்பார். அங்கே ஒரு வண்டி சுழன்று நின்றால் கொடியை ஆட்டிப் பின்னால் வருகிறவர்களை எச்சரிப்பது அவர் வேலை. அப்போது அவர் முதுகு வருகிற வண்டிகளுக்கு நேராக இருக்கும். அந்த முதுகுக்குக் காவல் நீலக் கொடிக்காரர். அவர் வருகிற வண்டிகளையே பார்ப்பார். மெதுவாகப் போகிறவனுக்கு வழிவிடச் சொல்லி நீலத்தைக் காட்டுவார். ஏதாவது வண்டி தடம் தவறி மேடைப் பக்கம் வந்தால், கத்திப் பிரயோசனமில்லை, இரைச்சலில் கேட்காது. எதிரில் நிற்கிறவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். நீலக் கொடிக்காரருக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு: போகிற வண்டியைக் கண்ணால் தொடராதே. போனது போகட்டும், வருகிறதைப் பார்.

மஞ்சள் தையல்காரர் கையில், நீலம் லிஃப்ட்காரர் கையில். பதினொரு வருஷத்தில் நாலு தடவை பட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அதில் இரண்டு தடவை ஒன்றும் வரவில்லை, வீண் பயம். தையல்காரர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, தைத்த பேண்ட்டைக் கிழிப்பதே இவனுக்குப் பொழப்பு என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஐந்தாவது தடவை இழுக்கவில்லை.

அன்று வெள்ளை வண்டி ஒன்று வந்தது. ஆறாவது வளைவு நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் சட்டென்று மடங்குகிற வளைவு. முக்கால்வாசிப் பேர் அவசரப்பட்டு முன்னாலேயே திருப்பி, உள் ஓரத்தைச் சீக்கிரம் தொட்டுவிட்டு, வெளியே போகிறபோது தடம் போதாமல் திணறுவார்கள். வெள்ளை வண்டிக்காரன் திருப்பவில்லை. என்ன செய்யப் போகிறான் என்று பார்க்க லிஃப்ட்காரரின் தலை தானாகத் திரும்பியது. ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சில், பின்னால் வந்த வண்டி பிரேக் பிடிக்காமல் நேராக வந்து மேடைத் தடுப்பில் மோதியது. இரும்பு மடங்கித் தையல்காரரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கியது.

ஆட்கள் ஓடி வந்தபோது லிஃப்ட்காரர் பட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் அதை வைத்தே கதை கட்டிவிட்டார்கள்: இவன் மட்டும் இழுக்கலேன்னா ஆளே போயிருப்பான். லிஃப்ட்காரர் இல்லை என்று சொல்ல வாய் திறக்கவில்லை. தடத்தின் அதிகாரி அவரைப் பாராட்டி, புதிதாக வருகிறவர்களுக்குப் பட்டையை எப்படிப் பிடித்து இழுப்பது என்று காட்டச் சொன்னார். இரண்டு வாரம் காட்டினார். மூன்றாம் வாரம் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

தங்கச்சியோ ஆஸ்பத்திரியில் அவர் தோளில் சாய்ந்து அழுதவள், அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் புருஷன் உயிரோட இருக்கார்னா எங்கண்ணனாலதான் என்றாள். ஏழு மாதம் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

ஒரு ஞாயிறு அவள் கடைக்குப் போயிருந்தாள். தையல்காரர் வெட்டு மேசையை ஒட்டி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மிதிக்கிற மிஷின் மூலையில் மூடிக் கிடந்தது.

"நான் இழுக்கல, மாப்ள. இடிச்சப்புறம்தான் பட்டையப் பிடிச்சேன்."

ஊசி நிற்கவில்லை. "தெரியும்" என்றார் தையல்காரர். "இடிக்கறதுக்கு முன்ன இடுப்புல ஒண்ணும் படலையே. மயக்கத்துல மறந்துட்டேனோன்னு ரொம்ப நாள் யோசிச்சுப் பாத்தேன்."

அடுத்த பொத்தானை எடுத்து வைத்துக்கொண்டு அவரே கேட்டார்.

"எந்த வண்டியப் பாத்த?"

"வெள்ளை வண்டிய."

"எப்படி எடுத்தான்?"

லிஃப்ட்காரர் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். நேராக இருக்கும்போதே பிரேக்கை எல்லாம் அடித்து முடித்துவிட்டான், வெளி ஓரத்திலேயே பொறுத்திருந்தான், இனிமேல் முடியாது என்கிறபோது ஒரே தடவை திருப்பினான் என்றார். உள் ஓரத்தைக் கடைசியில்தான் தொட்டான், அதற்குள் வண்டி நேராகிவிட்டது, மற்றவன் காலை எடுக்கிற இடத்தில் இவன் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டான். சொல்லச் சொல்லக் கை எழுந்து காற்றில் அந்த வளைவைப் போட்டது. குரலில் ருசி ஏறியது. அது தன் காதிலேயே விழுந்ததும் கை பாதியில் நின்றது.

"நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றார் தையல்காரர். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உன் தங்கச்சிகிட்ட இதச் சொல்லாத."

"எப்படி மாப்ள சொல்லாம—"

"சொல்லி உன் பாரத்த எறக்கிட்டுப் போயிடுவ. அவளுக்கு அண்ணன்னு ஒருத்தன்தான். காலோட அதுவும் போகணுமா? ஞாயித்துக்கிழமை வா. அவ போடுறதச் சாப்பிடு. என்கிட்ட பேச வேணாம்."

லிஃப்ட்காரர் இன்னும் போகிறார். உள்ளே நுழைந்ததும் தையல்காரர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். காலு வலிக்குது போல, அதான் பேச்சு இல்ல என்பாள் தங்கச்சி. போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாவைக் கூட்டிவந்து, இவர்தான் எங்கண்ணன் என்று முழுக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அந்த அம்மா கண் கலங்கி, நீங்க நல்லா இருக்கணும்ப்பா என்றார்.

லிஃப்ட்காரர் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார். தங்கச்சி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.