நிற்கிற நேரம் சேராது

பந்தை அடித்த மட்டை கீழே இறங்குவதற்குள் டம்ரோங் ஓடத் தொடங்கிவிடுகிறார். பந்து எந்தப் பக்கம் போனது என்று பார்ப்பதெல்லாம் அவர் வேலை அல்ல. அதற்குப் பின்னால் ஓடிவருகிற லம்யை இருக்கிறாள். "ஏய் நாப்பத்தேழு! எங்க விழுந்துச்சு?" என்று ஓடியபடியே கத்துவார். பந்து போன திசைக்கு நேர் எதிராக இருபது அடி ஓடிய பிறகுதான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும்.

வலது கையில் நான்கு மட்டைகளைச் சுள்ளிக்கட்டு போல அணைத்திருப்பார். இடது மணிக்கட்டில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கடிகாரம். தொப்பையை இறுக்கிப் பிடித்த மஞ்சள் பனியன், நெற்றியில் வியர்வைப்பட்டை. வயது ஐம்பத்து நான்கு. தாய்லாந்தின் ராட்புரியில், சந்தைக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். ஓடாத மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்குப் பதில் சொல்ல நாலு நாள் எடுத்துக்கொள்கிற மனிதர். கோல்ப் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டால் மட்டும் ஒரு நொடி வீணானாலும் அவருக்கு உயிர் போகிறது.

விளையாட்டு இதுதான்: பதினெட்டுக் குழிகளையும் ஓடி ஓடி ஆட வேண்டும். எத்தனை அடி அடித்தாய், எத்தனை நிமிடம் ஆனது, இரண்டையும் கூட்டினால் வருவது உன் எண். எண் குறையக் குறைய நீ கெட்டிக்காரன். கோல்ப் மன்றத்தில் இதை ஆடுகிறவர்கள் மொத்தம் ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்காகக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு தேக்குப் பலகை மாட்டி, எண்ணைக் குறைத்துச் சாதனை செய்கிறவர் பெயரைப் பொன் எழுத்தில் எழுதும் ஏற்பாட்டைச் செய்ததே டம்ரோங்தான். பலகை வந்த மாதமே ஒரு பல் டாக்டர் வந்து நூற்று முப்பத்தொன்பது எடுத்து மேலே ஏறிவிட்டார். பலகைக்குச் செலவழித்தவர் பெயர் பலகையில் இல்லை. பதினொரு மாதமாக அவருக்குத் தொண்டையில் முள்.

இந்தத் தொழிலின் சொற்களே நம்மோடு குறும்பு செய்கின்றன. மட்டை சுமக்கிற பெண்ணுக்குக் கேடி என்று பெயர். ஆட வருகிறவரைக் கேடிகள் 'நாய்' என்று அழைப்பார்கள். தாய்லாந்தில் அது எஜமானுக்கான மரியாதைச் சொல். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழுந்தால் லம்யை அதற்குப் பொறுப்பல்ல. வருகிற இடத்திலெல்லாம் மரியாதையாகவே படித்துக்கொள்ள வேண்டும்.

கேடி இல்லாமல் யாரும் மைதானத்தில் இறங்கக் கூடாது என்பது மன்றத்தின் சட்டம். "நான்தான் நாலே மட்டையோட ஓடறேனே, எனக்கு எதுக்கு கேடி?" என்று டம்ரோங் சண்டை போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. பிறகு ஒரு கேடிக்கு முழங்கால் வலி வந்தது, இன்னொருத்திக்கு மாமியார் செத்துப்போனாள், மறு மாதம் அதே மாமியார் மறுபடி செத்தாள். கடைசியில் கேடிகளின் தலைவி நுவான் அக்கா அவரை லம்யையின் தலையில் கட்டினாள்.

லம்யை பன்னிரண்டு வருடமாகக் கேடி. கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றித் துணி, முழுக்கைச் சட்டை, முதுகில் 47. பாதையில் மின்வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னால் போவாள். வண்டியைப் புல்லில் இறக்கக் கூடாது என்பதால் நிறுத்திவிட்டுக் குறுக்கே ஓடுவாள். அவர் மட்டையால் பெயர்த்துவிட்டுப் போன பள்ளங்களில் பாட்டிலிலிருந்து மணல் கொட்டி மிதிப்பாள். அவர் எருமை மாதிரி உழக்கிய மணல்குழியை வாரி மட்டமாக்குவாள். முன்னால் ஒரு மனிதர் ஊரைப் பாழாக்கிக்கொண்டு ஓட, பின்னால் ஒருத்தி சரிசெய்துகொண்டு ஓட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கேடிகள் கொட்டகையில் அவள் சொல்வாள்: "ஓடறவன் ஓடட்டும், ஆடறவன் ஆடட்டும். இந்த ஆளு ரெண்டையும் சேர்த்துக் கெடுக்கறாரு."

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அடியை எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மரத்துக்குப் பின்னால் போய் ரகசியமாக இரண்டு தட்டு தட்டுகிறவர்களையும் எண்ணிவிடுவாள். ஆட்ட முடிவில் அட்டையில் கேடியின் கையெழுத்து வேண்டும். லம்யை போட்ட கையெழுத்தை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. "நாப்பத்தேழு எண்ணிட்டா எண்ணினதுதான்" என்று எதிர்த்து ஆடுகிறவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

டம்ரோங்கின் ஓட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. குழியைச் சுற்றி மழித்திருக்கிற புல்லை எட்டியதும் ஓட்டமெல்லாம் போய்விடும். பொண்ணு பார்க்க வந்தவர் போல ஆகிவிடுவார். கிழக்கிலிருந்து பார்ப்பார், மேற்கிலிருந்து பார்ப்பார், குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அப்போது கடிகாரம் 'டிங்' என்று ஒரு முறை சிணுங்கும். "பாத்தியா, என்னைத் தட்டிக்குடுக்குது" என்பார். பந்தைத் தட்டிவிட்டு ஓட ஆரம்பித்ததும் இன்னொரு 'டிங்'. ஒவ்வொரு குழியிலும் இந்தப் பாராட்டு உண்டு. லம்யை அதைப் பதினொரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு அலுத்தும் போயிருந்தாள்.

வழக்கமாக அவர் ஆறு மணிக்கே இறங்கிவிடுவார். நேரக்காப்பாளர் தோங் மேசைக்கு வருவது ஆறரைக்கு. அதனால் டம்ரோங் எத்தனை மணிக்குத் தொடங்கினார் என்பது டம்ரோங்குக்கும் அவர் மணிக்கட்டுக்கும் மட்டுமே தெரியும். கேடிகள் போன் எடுத்துப்போகக் கூடாது. நாற்பத்தேழு நிமிடம், நாற்பத்தெட்டு நிமிடம் என்று அவர் சொல்லிக்கொண்டு திரும்பும்போது, இதற்குள் இத்தனை வெயில் எப்படி ஏறியது என்று லம்யைக்கு ஓரிரு முறை தோன்றியதுண்டு. வெயிலைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?

போன வியாழக்கிழமை ஆற்றுப்பக்கமிருந்து பனி இறங்கி மைதானத்தையே மூடிவிட்டது. ஏழு மணிவரை யாரையும் விடவில்லை. டம்ரோங் கூண்டில் அடைத்த சேவல் மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். பனி விலகியதும் தோங் சீட்டில் 7:04 என்று எழுதி, கிழித்து லம்யையிடம் கொடுத்தார்.

அன்று அவருக்கு அதிர்ஷ்ட நாள். குளத்துக்குப் போக வேண்டிய பந்து கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. வேலிக்கு அப்பால் கரும்புத் தோட்டத்துக்குப் போக வேண்டியது மரத்தில் மோதி நடுப்புல்லில் விழுந்தது. பதினாறாவது குழியை முடித்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை.

"நாப்பத்தேழு, இன்னிக்கு அந்தப் பல்லு புடுங்கறவன் பேருக்கு மேல என் பேரு. நீ கையெழுத்துப் போடற அட்டைய கண்ணாடி போட்டு மாட்டறேன்."

"முதல்ல ஆடுங்க, நாய். ரெண்டு குழி பாக்கி இருக்கு."

பதினேழாவது குழி மைதானத்தின் ஓரத்தில் இருக்கிறது. வேலிக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம். அவர் குழியை நோக்கி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட ஒலிபெருக்கி கரகரத்து, தேசிய கீதமான நாட்டுப் பாட்டு எழுந்தது; கேட்டால் எல்லோரும் நின்றாக வேண்டும். எட்டு மணி. லம்யை மணல் வாரும் வாருகோலைப் பக்கத்தில் ஊன்றி நேராக நின்றாள். தூரத்தில் புல் வெட்டுகிறவன் இயந்திரத்தை அணைத்துவிட்டு நின்றான். டம்ரோங் நாலு எட்டு ஓடிப் பார்த்தார். எல்லோரும் நிற்பது தெரிந்ததும், வேறு வழியில்லாமல் கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றார். முகத்தில் தேசபக்தி இல்லை, வயிற்றுவலிதான் இருந்தது. 'டிங்' என்றது கடிகாரம்.

பாட்டு முடிந்தது. மணிக்கட்டைப் பார்த்தவர் துள்ளினார்.

"நாப்பத்தோரு நிமிஷம்! நின்னப்பவும் நாப்பத்தொண்ணு, இப்பவும் நாப்பத்தொண்ணு! நாட்டுப் பாட்டுக்கு இதுவும் நின்னுருக்குடி! ஒரு நிமிஷம்கூட போகல!"

லம்யை சிரித்துவிட்டு வாருகோலை எடுத்தாள். இரண்டு எட்டு வைத்ததும் சிரிப்பு நின்றது. பாட்டு போட்டது எட்டு மணிக்கு. தொடங்கியது ஏழு நாலுக்கு. அப்படியானால் ஐம்பத்தாறு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். இவர் கையில் நாற்பத்தொன்று. மீதிப் பதினைந்து எங்கே போனது?

அப்போது அவர் குழிக்கருகே குந்தி ஒற்றைக் கண்ணை மூடினார். 'டிங்'. பதினேழு குழி, பதினேழு குந்தல். ஆள் நின்றால் கடிகாரமும் நின்றுவிடுகிறது. அவர் ஓடுகிற நேரம் மட்டும்தான் அதில் ஓடுகிறது. பதினொரு மாதமாக அது தட்டிக்கொடுக்கவில்லை, தூங்கப் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. லம்யைக்கு முகத்துணிக்குள் வியர்த்தது. இந்தப் பதினொரு மாதத்தில் தானும் அந்த அட்டைகளிலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

பதினெட்டாவது குழியில் பந்து விழுந்ததும் டம்ரோங் மட்டைகளை வீசிவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். அடி தொண்ணூற்றிரண்டு. கடிகாரத்தில் நாற்பத்தாறு. மொத்தம் நூற்று முப்பத்தெட்டு. தோங்கின் மேசைக்கு மேலே சுவர்க்கடிகாரத்தில் எட்டு ஏழு.

அட்டையை எழுதி நீட்டினார். "போடு தங்கச்சி." பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அவள் தங்கச்சி ஆனாள்.

"நாய், நிமிஷம் தப்பா இருக்கு."

"எது தப்பு? வாட்ச்ச பாரு!"

"ஏழு நாலுக்கு ஆரம்பிச்சோம். தோங் மாமா சீட்டு இதோ. இப்ப எட்டு ஏழு. அறுபத்து மூணு நிமிஷம். நீங்க நின்னா அதுவும் நின்னுடுது. குழிக்குக் குழி குந்தினீங்களே, அதெல்லாம் அதுல ஏறவே இல்ல."

அவர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார், இன்னொன்றை அழுத்தினார். காதோரம் சிவந்தது. அந்த ஒரு கணம் லம்யைக்கே பாவமாக இருந்தது. அதை நீடிக்கவிட அவருக்குத் தெரியவில்லை.

"சரி, நிக்குது. நின்னா என்ன? இந்த ஆட்டத்துக்குப் பேரே ஓட்டம். நிக்கறதைக் கொண்டுவந்து ஓட்டத்துல சேர்க்கலாமா? எவனாவது சேர்ப்பானா?"

"அப்ப நாட்டுப் பாட்டுக்கு ஒரு நிமிஷம் கழிச்சுக்கலாம். நான் ஒத்துக்கறேன். மத்ததெல்லாம் நீங்க பந்தைப் பாத்துட்டு நின்னது."

தோங் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். செய்தித்தாள் குலுங்கியது.

"இங்க பாரு. கையெழுத்துப் போட்டா இனிமே நீதான் என் நிரந்தர கேடி. போடலேன்னா நுவான்கிட்ட போவேன். ஒரு வாரம் களை புடுங்கத்தான் போவ. யோசிச்சுக்கோ."

நிரந்தர கேடி என்பது வரமா, தண்டனையா என்று லம்யை யோசித்திருக்கலாம். களை பிடுங்குவது நிச்சயம் தண்டனைதான். ஒரு வாரத்துக்கு ஆட்டம் கிடையாது, வெயிலில் குனிந்தே கிடக்க வேண்டும், மற்றக் கேடிகள் வண்டியில் தாண்டிப் போவார்கள். அவள் பேனாவை வாங்கினாள். அட்டையில் அடி தொண்ணூற்றிரண்டு என்ற கட்டத்துக்கு நேரே தன் பெயரை முழுசாக, நிதானமாக எழுதினாள். நிமிடக் கட்டத்தைத் தொடவில்லை. இரண்டு கையாலும் அட்டையைத் திருப்பி நீட்டினாள்.

"அடி நான் எண்ணினது, கையெழுத்துப் போட்டுட்டேன். நிமிஷத்துக்கு வாட்ச்சுகிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிக்கோங்க, நாய்."

அன்று மதியமே நுவான் அக்கா லம்யையிடம் களைக்கொத்தைக் கொடுத்தாள். "அவரு சத்தம் போட்டுட்டுப் போறாரு, நான் என்னடி செய்ய? ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ" என்றாள். போகிற போக்கில் அவள் கையில் வாழையிலையில் சுற்றிய ஒட்டுச்சோறும் சுட்ட பன்றியிறைச்சிக் குச்சி இரண்டும் வைத்துவிட்டுப் போனாள். அட்டை பலகைக்குப் போகவில்லை. பாதி கையெழுத்துக்குப் பொன் எழுத்து கிடையாது என்று தோங் சொல்லிவிட்டாராம்.

டம்ரோங் அந்தக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டிருப்பார், அல்லது சரிசெய்து கட்டியிருப்பார் என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு வாரம் மைதானத்துப் பக்கம் தலை காட்டவில்லை.

இந்த வியாழக்கிழமை பனி இல்லை. காலை ஆறேகால். லம்யை முதல் குழிக்கு அருகே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தடதடவென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். மஞ்சள் பனியன், சுள்ளிக்கட்டு, மணிக்கட்டில் அதே சோப்புப்பெட்டி. பின்னால் வண்டியை விட்டுவிட்டுக் குறுக்கே ஓடிவருகிறவள் முதுகில் 112. புதுசு. டம்ரோங் பந்தருகே வந்து நின்றார். இந்த முறை அவசரப்பட்டுக் குந்தவில்லை. கால்களைச் சேர்த்தார். கைகளைத் தொடையோடு ஒட்டினார். நெஞ்சை நிமிர்த்தி, நேரே பார்த்து, ஆடாமல் அசையாமல் நின்றார்.

ஓடிவந்த புதுப்பெண் அதைக் கண்டு திடுக்கிட்டாள். ஒலிபெருக்கி எதுவும் கேட்கவில்லையே என்று ஒரு கணம் காதைக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு வம்பு எதற்கு என்று வாருகோலைக் கீழே வைத்துவிட்டு, அவளும் பின்னால் கைகட்டாமல் நேராக நின்றாள்.

'டிங்' என்றது கடிகாரம். டம்ரோங் நிதானமாகக் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடினார்.