அரசன் மாற்றிச் சொன்ன வசனம்

எங்கள் நாடகத்துக்கு அரசன் கிடைக்காமல் இரண்டு மாதம் திண்டாடினோம். லண்டனில் ஹரோ பகுதியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்கும் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கிய நாடகம் அது. காருக்குள் இருந்து போனைப் பார்ப்பதைவிட இது பரவாயில்லை என்றுதான் நானும் சேர்ந்தேன். எனக்கு அரசி வேடம். நான் மேடை ஏறி இருபத்தைந்து வருடங்கள் ஆகியிருந்தன. வெம்பிளியில் மருந்துக்கடையில் நின்று மாத்திரைப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறவளுக்கு அரசியின் நடை வர நாளாயிற்று.

நாடகத்தை எழுதி இயக்கியவள் தமிழ்நாட்டுக்காரி. என்னைவிட இளையவள். ஏதோ ஒரு வங்கியில் கணினி வேலை. மாலை வகுப்பு ஒன்றில் கிரேக்கப் பழங்கதைகள் படித்திருந்தாள். முதல் நாள் அவள் கதையைச் சொன்னபோது, சுற்றியிருந்த எட்டுப் பேரும் கையிலிருந்த தேநீரைக் குடிக்க மறந்துபோனோம்.

ஒரு பேரரசன். கடல் கடந்து போருக்குப் போக ஆயிரம் கப்பல்களோடு துறைமுகத்தில் நிற்கிறான். காற்று வீசவில்லை. வாரக்கணக்கில் பாய்கள் தொங்கிக் கிடக்கின்றன. படைக்குள் பசியும் நோயும். வேட்டைத் தெய்வத்தின் மானை அரசன் கொன்றுவிட்டானாம், அவளுடைய கோபம்தான் இது, அரசனின் மூத்த மகளைப் பலி கொடுத்தால் காற்று வரும் என்கிறான் குறிசொல்பவன். அரசன் ஊருக்குக் கடிதம் எழுதுகிறான்: மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் பேசியிருக்கிறேன், கூட்டிக்கொண்டு வா. தாய் நகைகளோடும் பட்டோடும் மகளைக் கூட்டி வருகிறாள். மணப்பெண்ணாக வந்தவளைப் பலிபீடத்தில் கிடத்துகிறார்கள். காற்று வருகிறது. பத்து வருடம் போர். வென்று திரும்பிய அரசன் குளிக்கும்போது, மனைவி அவன்மேல் பெரிய துணி ஒன்றை எறிந்து, கைகால் அசைக்க முடியாமல் சுற்றி, வெட்டிக் கொல்கிறாள். பிறகு மகன் வளர்ந்து வந்து தாயைக் கொல்கிறான்.

"ஒரு குடும்பத்துல ஒருத்தர்கூட மிஞ்சலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மிஞ்சினவங்களும் நல்லா இல்ல," என்றாள் அவள்.

கிரேக்கப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் நாடகத்தில் பெயர்களே இல்லை. அரசன், அரசி, மூத்தவள், அவ்வளவுதான்.

அரசனைக் கண்டுபிடித்ததும் அவள்தான். பள்ளிக்கூடத்தின் சிறிய சிற்றுண்டிச்சாலையை ஒரு தம்பதியர் நடத்தினார்கள். ரோல்ஸ், வடை, தேநீர். அந்த மனிதருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பல வருடம் பெற்றோல் நிலையங்களில் ஷிப்ட் அடித்து முழங்கால் இரண்டும் போய், ஓய்வில் இருந்தார். ஆனால் குரல்! மண்டபத்தின் மறுகோடியில் நிற்பவர் யாருடைய ரோல்ஸ் தயார் என்று அறிய அவர் ஒருமுறை கூப்பிட்டால் போதும். ஊரில் இளம் வயதில் கூத்து ஆடியவர் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அவரை அண்ணை என்றும், அவருடைய மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்கா அதிகம் பேசமாட்டார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அவரும், காசுப்பெட்டிக்கு முன்னால் அண்ணையும். அப்படித்தான் அவர்களை எப்போதும் பார்த்திருக்கிறேன்.

ஒத்திகை தொடங்கியது. போருக்குப் புறப்படும் பேச்சை அண்ணை பேசினால் எங்களுக்கே புல்லரித்தது. ஒரே ஓர் இடத்தில்தான் தடுக்கியது. அரசன் கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுத வேண்டும். பிறகு, "இது பொய். அவள் தாய்க்கும் இது தெரியாது" என்று அரசன் எழுத்தரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இடம் வந்ததும் வசனம் மறந்துபோகும். ஒருநாள் அல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும்.

"அதை வெட்டிப்போட்டால் என்ன?" என்று கேட்டார் ஒருநாள்.

"ஐயோ சார், அதுதான் நாடகமே," என்றாள் இயக்குநர்.

அன்று அக்கா உடல்நிலை சரியில்லை என்று வரவில்லை. அண்ணையை நான்தான் காரில் கூட்டிப்போனேன். வெம்பிளியில் அவருடைய வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. சீட் பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இருந்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு மகள் இருந்தவள். தெரியுமோ?"

தெரியாது என்றேன். அவர்களுக்கு ஒரே பிள்ளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கலியாணம் செய்து அதே வீட்டின் மேல்மாடியில் இருக்கும் மகன்.

அவர் சொன்னதை நான் பிறகு பலமுறை எனக்குள் ஒழுங்குபடுத்திப் பார்த்திருக்கிறேன். இலங்கையில் சண்டைக் காலத்தில் அவர்கள் வன்னியில் இருந்தார்கள். மகனுக்கு ஒன்பது வயது, இருதயத்தில் ஓட்டை. கொழும்பில்தான் வைத்தியம். ஆனால் அந்தப் பகுதியை விட்டு வெளியே போக அங்கே அதிகாரத்தில் இருந்தவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு ஓர் ஆளைப் பிணை வைக்க வேண்டும். சொந்தக்காரர் யாரும் நிற்கச் சம்மதிக்கவில்லை.

"மனிசியை விடுவம் எண்டால், ஆஸ்பத்திரியிலை பெடியனுக்குத் தாய் வேணும். நான் நிண்டால் கொழும்பிலை அலையிறது ஆர்? மூத்தவளுக்குப் பத்தொன்பது வயது. தானே சொன்னவள், அப்பா நான் நிக்கிறன், ரெண்டு கிழமைதானே எண்டு."

"பிறகு சண்டையிலை பாதை பூட்டிட்டாங்களோ?"

"ஓம், பூட்டினவங்கள்தான். மனிசியும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான் அவவுக்கு அதைத்தான் சொன்னனான்." சீட் பெல்ட்டைக் கையில் சுற்றினார். "ஆனால் பாதை பூட்டமுந்தியே, பாஸுக்கு எழுதிக் குடுக்கேக்கையே, எனக்குத் தெரியும். லண்டனிலை இருந்த என்ரை தம்பி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சியோடை எல்லாம் கதைச்சு முடிச்சிட்டான். மூண்டு பேருக்குத்தான் ஒழுங்கு. நான் திரும்பிப் போறதெண்டு நினைக்கவேயில்லை. மகளைப் பிறகு எடுக்கலாம் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்."

மகளிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தனவாம். மூன்றிலும் ஒரே கேள்வி: எப்ப வாறியள்? இவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும், பாஸ் கொடுத்தவர்கள் அவளைத் தங்கள் படைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போரின் கடைசி மாதங்களில், காலில் காயத்தோடு கடற்கரைப் பக்கம் கண்டதாக யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அக்காவிட்டைச் சொல்லுங்கோவன், அண்ணை," என்றேன்.

"ஏலாது," என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரமும் அதே இடத்தில் வசனம் நின்றது. இயக்குநருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனதோடுதான் சொன்னாள்: "நான் எழுதினதை மறந்துடுங்க சார். உங்க வார்த்தையிலேயே பேசுங்க. அரசனா வேண்டாம், ஒரு அப்பாவா பேசுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவளைத் தனியே கூப்பிட்டு அந்தக் காட்சியை எடுத்துவிடு என்றிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய இரகசியத்தைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அல்ல. காட்சி நன்றாக வரும் என்று என் மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. இதை நான் எழுதாமல் விட்டால் மற்றதை எழுதிப் பிரயோசனமில்லை.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அக்கா, பக்கத்தில் மகனும் மருமகளும். அக்கா அன்று மாம்பழ நிறச் சேலை உடுத்தியிருந்தார். அவரை எண்ணெய் வாசனை இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

கடிதக் காட்சி வந்தது. நான் திரைக்குப் பக்கத்தில் என் முறைக்காகக் காத்து நின்றேன். எழுத்தர் பனையோலையும் எழுத்தாணியுமாகக் குந்தியிருந்தான். அண்ணை வாய் திறந்தார். எழுதியிருந்த வசனம் வரவில்லை. ஒரு நிமிடம் மண்டபம் பொறுத்திருந்தது. பிறகு அவர் பேசினார். கூத்துக் குரல் இல்லை, வீட்டில் பேசும் குரல்.

"பிள்ளை, ரெண்டு கிழமைதான். தம்பியை டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு ஓடி வந்திடுவம். நீ பயப்பிடாதை. வரேக்கை உனக்கு ஒரு மணிக்கூடு வாங்கி வாறன்."

எழுத்தர் என்ன எழுதுவதென்று தெரியாமல் அவரைப் பார்த்தான்.

"எழுது," என்றார் அண்ணை. "இது பொய். நான் திரும்பிப் போகமாட்டன். பாஸ் எடுக்கேக்கையே எனக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாது. தாய் என்னை நம்பி வந்தவ."

சபையில் சிலர் அழுதார்கள். முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பழைய கதையை எங்கள் கதையாக மாற்றிய இயக்குநரின் திறமை என்று நினைத்தார்கள். அக்கா அழவில்லை. மடியில் இருந்த கைப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மகன் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தான்.

நாடகத்தை நிறுத்த எங்களுக்குத் துணிவு வரவில்லை. மகளைக் கொன்றோம். காற்று வந்தது. போர் முடிந்தது. கடைசிக் காட்சியில் குளிக்கும் தொட்டிக்குள் இருந்த அரசன்மேல் நான் சிவப்புத் துணியை எறிந்து, சுற்றி, குனிந்து மரக்கத்தியை ஓங்கினேன். துணிக்குள்ளே அவர் குலுங்கிக்கொண்டிருந்தார். முகம் இருந்த இடத்தில் துணி நனைந்திருந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"தங்கச்சி, அவ இருக்கிறாவோ, எழும்பிப் போயிட்டாவோ?"

நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அக்கா அப்படியே இருந்தார்.

"இருக்கிறா, அண்ணை," என்று சொல்லிவிட்டுக் கத்தியை இறக்கினேன்.

எல்லாம் முடிந்து வேடம் கலைக்கும் அறைக்கு அக்கா வந்தார். மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். அண்ணை முகப்பூச்சைத் துடைக்காமல் கதிரையில் இருந்தார். கிரீடம் மேசையில் கிடந்தது.

"பாஸ் எடுக்கேக்கையே உங்களுக்குத் தெரியுமோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம்."

"அவளுக்கு நான் சோறு கட்டிக் குடுத்திட்டு வந்தனான். நாலு உடுப்புத்தான் எடுத்து வைச்சன், ரெண்டு கிழமைக்கு நாலு காணும் எண்டு." குரல் உயரவேயில்லை. "தெரிஞ்சிருந்தால் நான் நிண்டிருப்பன். நீங்கள் பெடியனைக் கொண்டு போயிருக்கலாம். அதுக்காகத்தானே எனக்குச் சொல்லேல்லை?"

வாசலில் நின்ற மகன் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். எனக்காகவா என் சகோதரியை அங்கே விட்டுவிட்டு வந்தீர்கள், என்னிடம் யாராவது கேட்டீர்களா என்பதுபோல ஒன்று. முப்பத்தைந்து வயது ஆண் அப்படி விக்கி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா அவனுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அண்ணையை அன்றும் நான்தான் காரில் ஏற்றினேன். அவருடைய வீட்டுக் கதவை உள்ளிருந்து பூட்டியிருந்தார்கள். தட்ட வேண்டாம் என்றார். அன்றிரவு எங்கள் வீட்டு வரவேற்பறையில் படுத்தார்.

பிறகு அவர் வெம்பிளியிலேயே ஒரு கடைக்கு மேலிருந்த அறையில் வாடகைக்கு இருந்தார். மகன் இரண்டு கிழமைக்கு ஒருமுறை மருந்து கொண்டுபோய்க் கொடுப்பான், உட்காரமாட்டான். அக்கா சிற்றுண்டிச்சாலையைத் தனியே நடத்தினார். காசுப்பெட்டியையும் அவரே பார்த்தார். இயக்குநர் விஷயம் அறிந்து என் வீட்டுக்கு வந்து, "நான்தானே அவரைப் பேசச் சொன்னேன், எனக்குத் தெரியாதே," என்று ஒரு மணி நேரம் அழுதாள். அவளைத் தேற்றினேன். எனக்குத் தெரிந்திருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. நாங்கள் மறுபடி நாடகம் போடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் அக்கா போனில் கூப்பிட்டார். காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும், ஆங்கிலம் எழுதித் தருகிறாயா என்று கேட்டார். போனேன். சாப்பாட்டு மேசையில் மகளின் ஒரு படம், அந்த மூன்று கடிதங்கள், படிவம். பெயர், பிறந்த இடம், உயரம், அடையாளத் தழும்பு எல்லாம் அக்கா தடங்கலில்லாமல் சொன்னார். எந்தச் சூழ்நிலையில் பிரிந்தீர்கள் என்ற கேள்வி வந்ததும் பேனையை நிறுத்தச் சொன்னார்.

"அது அவர் சொல்லவேணும்," என்றார். "வரச் சொல்லியிருக்கிறன்."

பத்து நிமிடத்தில் மணி அடித்தது. அண்ணை மிகவும் மெலிந்திருந்தார். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பாஸ் எடுத்த இடம், பிணைக்கு அவள் கையெழுத்து வைத்த காகிதம், லண்டனிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய செய்தி, திரும்பி வருவதாகத் தான் சொன்ன பொய். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பொய் என்ற சொல்லுக்கு வந்தபோது பேனையைத் தூக்கி அக்காவைப் பார்த்தேன்.

"அதையும் எழுது," என்றார்.

எழுதி முடித்ததும் இருவரும் கையெழுத்து வைத்தார்கள், முதலில் அண்ணை, பிறகு அக்கா. அண்ணை எழுந்து நின்று, படத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா படத்தை எடுத்து, படிவத்தோடு சேர்த்து உறைக்குள் வைத்து ஒட்டினார்.