கல் சுவருக்குப் பின்னால் வந்த நாற்றம்

உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்குள் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவது எங்கள் தொழில். கடலைப் பார்க்க நான்கு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஆம்பூரில் இதை நம்பிப் பிழைக்கிற அசடுகள் நானும் என் கூட்டாளி யூசுப்பும் மட்டும்தான். அதற்கு முன் இரண்டு பேரும் தோல் பதனிடும் ஷாப்பில் பன்னிரண்டு வருஷம், மாட்டு ரோமம் உதிரத் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை பார்த்தோம். வீட்டில் தொட்டி வைத்துவிட்டு, காலையில் பல் தேய்க்கும் முன்னே மீன் எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று ஓடிப் பார்க்கிற பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

குடோன் உப்பு

முதல் வேலை ஒரு ஷாப் முதலாளியின் ஆபீஸ் ரூமில். சுவரைக் கட்டி முடித்து, தொட்டிக்கென்று விற்கிற உப்பை மட்டும்தான் கரைக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்தோம். நான்காம் நாள் போனால் தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. மேலே மாட்டு ரோமம் மிதந்தது. பச்சைத்தோலில் தடவி, உதறிக் கொட்டிய உப்பு குடோனில் மலையாகக் கிடக்கிறதே என்று ஆளை விட்டு அள்ளிப் போட்டிருக்கிறார். அதற்குள் அவர் வாங்கி விட்டிருந்த ஆறு மீனும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

முதலாளி என்னைத்தான் குற்றவாளியைப் போலப் பார்த்தார். "உப்புன்னா உப்புதானய்யா? அவ்ளோ பெரிய மாட்டுத்தோலையே கெடாம வச்சிக்குது, இத்தினூண்டு மீனுக்கு இன்னா கேடு?"

சந்து

மேல்விஷாரத்தில் ரபீக் பாய் என்று ஒரு தோல் வியாபாரி. அவர் மனைவி நசீமா மாடிப்படியில் விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆகி, ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்தார். ராயபுரத்துப் பெண், கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மல்லாந்து படுத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் உயிருள்ளதாக ஏதாவது அசைந்தால் நன்றாக இருக்கும் என்று பாய் சொன்னபோது, அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதையே வந்தது.

கட்டிலை ஒட்டித் தொட்டியை வைத்தோம். கல் சுவருக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரல் சந்து விட வேண்டும், கல்லுக்குக் கல் ஓட்டை விட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் உள்ளே சுற்றி அழுக்கை வெளியே கொண்டுவரும். பாய்க்கு அது பிடிக்கவில்லை. நானும் பெரிய இடத்து வேலை கைவிட்டுப் போகக்கூடாது என்று, வாயை மூடிக்கொண்டு பசை வைத்து அடைத்துவிட்டேன். அவர் கேட்டது இதுதான்: "உன் வீட்டு காம்பவுண்டு சொவத்த ஓட்ட வுட்டாய்யா கட்டுவ?"

இரண்டு மூக்கு

அந்தச் சுவருக்கான கல், சென்னையில் யாரோ கலைத்துவிட்ட தொட்டியிலிருந்து வந்த பழைய கல். அதன் பொந்துகளில் புழுவும் பூச்சியும் செத்து ஒட்டியிருக்கும். தொட்டியில் வைக்கும் முன் டப்பில் வாரக்கணக்காக ஊறவைத்து, எல்லாம் அழுகிக் கழிந்ததா என்று பார்க்க வேண்டும். அழுகல் விஷம் தண்ணீரில் மிச்சம் இருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற பெட்டி ஒன்று உண்டு. அது தீர்ந்து போயிருந்தது. மோந்து பார்த்தால் போதாதா என்று நான்தான் சொன்னேன்.

நான் டப்பின்மேல் குனிந்து மோந்தேன். ஒன்றும் வரவில்லை. யூசுப்பும் குனிந்தான். "நாத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல மச்சான். கல்லு ரெடி, வண்டியில ஏத்து."

மாத்திரை

தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டோம். மூன்று வாரம் ஓடட்டும், பிறகு மீன் என்று சொல்லியிருந்தேன். நாலாம் நாளே நசீமா, நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்றாராம். வீட்டுக்குப் பின்னால் தோல் ஷாப், ஊரே அப்படித்தானே என்றார்கள். இது வேறு நாற்றம், சோறு இறங்கவில்லை என்று அழுதாராம். படுத்தே கிடந்து மனசு கெட்டுப்போச்சு என்று டாக்டரிடம் சொல்ல, அவர் தூக்க மாத்திரை எழுதினார்.

அடுத்த வாரம் நான் போனபோது நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நான் கடலாண்ட பொறந்தவ. கடலு இப்டி நாறாது. நீங்களாச்சும் சொல்லுங்க." நான் தொட்டிமேல் குனிந்தேன். மோந்தேன். "ஒண்ணும் வரலியேம்மா" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பாய் மாத்திரையை உரித்து அவர் வாயருகே கொண்டுபோனார். "தொட்டி கட்டுனவரே சொல்லிட்டாரு நசீமா. கம்முனு போட்டுக்கினு தூங்கு."

இரண்டு மீன்

மூன்று வாரம் கழித்து ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன் விட்டேன். மாத்திரை மயக்கத்திலும் நசீமா கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்து பார்த்துச் சிரித்தார். மறுநாள் காலை இரண்டும் சுவரோரம் செத்துக் கிடந்தன.

புதுச் சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். குப்பியில் பிடித்த தொட்டித் தண்ணீர், சொட்டு விழுந்ததும் கரும்பச்சையாக மாறியது. அந்த நிறம் வந்தால் தொட்டியே விஷம் என்று அர்த்தம். சுவரைப் பெயர்த்தோம். பின்னால் கையகல கனத்துக்குக் கறுப்புக் கூழ். தண்ணீர் புக வழியில்லாமல் அத்தனை நாளும் அங்கேயே அழுகியிருக்கிறது. வாளியில் அள்ளி மூக்கருகே வைத்துக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லை. யூசுப் மோந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். சுண்ணாம்புக் குழி எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் எதை எடுத்துக்கொண்டது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நசீமா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தார்.

ரபீக் பாயைக் கூப்பிட்டு, அவர் மனைவி முன்னாலேயே சொன்னேன். "பாய், நாத்தம் இருந்திருக்கு. அவங்க சொன்னது நெசம். எனக்கு மூக்கு செத்துப்போச்சு, அது தெரியாம சாட்சி சொல்லிட்டேன்." பாய் வாளிமேல் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். அவர் பிறந்ததிலிருந்து அந்தத் தோல் ஷாப்புக்கு முன்னால் இருக்கிறவர். அவருக்கும் ஒன்றும் வரவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து மனைவியின் காலைத் தொட்டார். நசீமா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "மீனு ஒரே ராத்திரியில செத்துச்சு, உடனே நம்பிட்டீங்க. நான் மூணு வாரமா வாயத் தொறந்து சொன்னனே, அது யாருக்கும் பத்தலியாண்ணா?"

இப்போதெல்லாம் கல் சுவர் கட்ட எந்த வீட்டுக்குப் போனாலும், அளவு எடுக்கிறதுக்கு முன்னால் இந்தத் தோல் ஷாப் ஊர்களில் பிறக்காதவர் யாராவது வீட்டில் உண்டா என்று கேட்டு, அவர்களை அழைத்து வந்து கல் ஊறுகிற டப்பைத்தான் முதலில் மோந்து பார்க்கச் சொல்கிறேன்.