பழைய போர் விமானமும் மட்டாஞ்சேரி ஓரிங்கும்

மெஷினைச் செய்த கம்பெனி கையை விரித்த பிறகுதான் உதிரிபாகம் செய்கிறவர்களின் ஞாபகமே ஊருக்கு வரும். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு விழிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கொச்சி மட்டாஞ்சேரிக் கடைவீதியில், ஒரு பழைய குடோனில் ரப்பர் வளையம் செய்கிறேன். ஓரிங் என்போம். எண்ணெய்க் குழாய் சேரும் இடத்தில் ஒழுகாமல் அடைத்துக்கொள்வது அதுதான். எதிரே இருக்கிற வைப்பின் தீவு மீன்பிடிப் படகுகளுக்குச் செய்துகொடுத்து நிம்மதியாகத்தான் இருந்தேன்.

எந்தப் படகு?

ஒரு நாள் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒட்ட வெட்டிய முடி, தென்காசித் தமிழ். பிளாஸ்டிக் உறையிலிருந்து நசுங்கிப்போன வளையம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். எந்தப் படகு என்று கேட்டேன். படகு இல்லை, போர் விமானம் என்றார். எனக்குச் சாயா புரையேறிவிட்டது.

அவர் விமானப் பராமரிப்பு அதிகாரி. விமானத்தை விற்ற நாடு ஏதோ தடை போட்டு உதிரிபாகம் தருவதை நிறுத்திவிட்டதாம். இது சக்கர ப்ரேக்கில் இருக்கிற வளையம். ஒழுகினால் ப்ரேக் பிடிக்காது. இறங்குகிற விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடும், உள்ளே ஒரு உயிர் இருக்கும். இதைப் போய் மட்டாஞ்சேரியிலா செய்வது என்று கேட்டேன்.

"விமானத்துக்கு என் வயசு, மேடம். ஓட்டுறதுக்கு என் பொண்ணு வயசுல ஆள் இருக்கு. ரிங் மட்டும்தான் இல்ல."

அச்சு அசல்

வரைபடம் எதுவும் கிடையாது. நசுங்கிய அந்த வளையம்தான் மாதிரி. எங்கள் ரப்பர் பிரஸ் ஓட்டும் தாசன் சேட்டன் ஒரு வாரம் அதோடு குடித்தனம் நடத்தி அச்சு வெட்டினார். வளையத்தின் ஒரு பக்கம் சப்பையாக இருந்தது, ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டும் இருந்தது. இது எதற்கு சேட்டா என்று கேட்டேன். "ஃபைட்டர் அல்லே மோளே, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்" என்று இரண்டையும் அச்சில் அப்படியே கொண்டுவந்துவிட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

செய்து அனுப்பியதை விமானத் தளத்தில் சோதனை மேஜையில் வைத்து அழுத்தம் கொடுத்தவுடன் எண்ணெய் பீய்ச்சி அடித்ததாம். சப்பையும் வெட்டும் வருஷக்கணக்கில் தேய்ந்ததால் வந்தவை. அதிகாரி எண்ணெய்க் கறைச் சட்டையோடு படம் எடுத்து அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டார்.

"நான் கேட்டது புது ரிங், மேடம். நீங்க பழசுக்கு இரட்டைப் பிள்ளை பெத்துக் கொடுத்திருக்கீங்க."

பக்கத்துக் குடோன்

அடுத்த முறை அளவெல்லாம் கச்சிதம். அதிகாரியே நேரில் வந்து ஒரு வளையத்தை வெட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரப்பருக்குள் மஞ்சளாக ஒரு நார். ஊசியால் எடுத்து மோந்து பார்த்தார். சுக்கு. பக்கத்துச் சுக்குக் குடோனில் மூட்டை உதறும்போது ஜன்னல் வழியாக வந்து ரப்பரோடு ரப்பராக வெந்திருக்கிறது. அந்த நார் இருக்கிற இடத்தில்தான் வளையம் முதலில் விரிசல் விடும் என்றார்.

இத்தனை காலம் அந்த வாசனையை ஊர் வாசனை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றே ஜன்னல்களை அடைத்தோம். அதிலிருந்து காற்றில்லாமல் உள்ளே நாங்கள்தான் வேகிறோம்.

"விமானத்துக்குச் சளி பிடிச்சா சொல்லி அனுப்புறேன், மேடம். இப்போதைக்கு ரப்பர் மட்டும் போதும்."

முதல் ஓட்டம்

ஒருவழியாக அடுத்துச் செய்த வளையம் எல்லாச் சோதனையிலும் தேறியது. புது வளையத்தோடு முதல் தடவை பறக்கும்போது செய்தவர்களும் வந்து நிற்பது அங்கே வழக்கமாம். தாசன் சேட்டனைக் கூட்டிக்கொண்டு விமானத் தளத்துக்கு ரயிலேறினேன்.

விமானக் கொட்டகைக்குள் முதலில் பார்த்த விமானத்துக்குச் சக்கரம் இல்லை, இருக்கை இல்லை, மூக்குகூட இல்லை. மற்ற விமானங்கள் பறக்க இதிலிருந்துதான் கழற்றிக்கொள்கிறார்களாம். இனிமேல் கழற்ற ஒன்றும் பாக்கியில்லை என்றார் அதிகாரி. இப்படித்தான் காலத்தை ஓட்டுகிறார்களா என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

பைலட் ஒல்லியாக ஒரு பெண், பாலக்காட்டுக்காரி. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெளியே தயாராக நின்ற விமானத்தின் ஏணியில் ஏறினாள். ஏறாதே, இன்னும் ஒரு தடவை சோதித்துவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றியது. அதற்குள் போய்விட்டாள். தாசன் சேட்டன் கண்ணை மூடி ஒவ்வொரு தெய்வமாக அழைக்க ஆரம்பித்தார்.

திரும்பி இறங்கியபோது சக்கரத்திலிருந்து புகை வந்தது. விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு மெதுவாகி நின்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தாள். ப்ரேக் பிடித்ததா என்று கேட்டேன்.

"நல்லா பிடிச்சுது, சேச்சி. போன தடவை ஓடுபாதைக் கடைசியில கட்டியிருக்கிற வலையில போய்த்தான் நின்னேன்."

ஆக, இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியவர்கள் சிரித்துக்கொண்டே ஏறிப் போகிறார்கள், தரையில் நிற்கிற நாம்தான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறோம்.